யார் வீட்டுக்கு யாரை அழைப்பது?

(தருமபுரியில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, சித்தேரி மலையிலிருந்தும் பெண்ணாகரம் பக்கத்திலிருந்தும் விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கும் உறவுகளே, காக்கி உடுப்போடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் வனத்துறை நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். கடைசி வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். இன்றைய பேச்சில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

'காடு எல்லோருக்கும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் அழைப்பிதழ் அச்சடிப்பதற்கு முன்னால் வீடு யாருடையது என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா? வீட்டுக்காரரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, வேறு யாரோ நடுக்கூடத்தில் நின்று "வாங்க, வாங்க" என்று விருந்தாளிகளைக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? நம் பக்கத்தில் காட்டுக்கு ஆள் கூப்பிடும் வேலை பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

நம்மிடம் காட்டுக்குப் பஞ்சமில்லை. 2014இல் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் வந்தது, 504 சதுர கிலோமீட்டர். 2022இல் காவேரி தெற்கு வந்தது, 686 சதுர கிலோமீட்டர். ஆற்றோரம் நீர்மருதில் சாம்பல் நிறப் பெரிய அணில் தாவுகிறது. மேட்டுக்கு ஏறினால் உசிலை, ஆச்சா, வேங்கை. உள்ளே இருளர் குடியிருப்புகள், சித்தேரியிலும் வத்தல்மலையிலும் மலையாளி என்கிற பழங்குடி மக்கள். காட்டோர ஊர்களில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் கேட்கும். ஓசூர் ஆலைகளை நம்பி பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேறு. இத்தனை பேர் இருக்கிற சீமையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டோரம் போனால் யாரைப் பார்க்கிறோம்? நாலைந்து பேராக பைக்கில் வந்து இறங்கும் ஆண்களை. பையில் பாட்டில் இருக்கும். மற்றவர்கள் ஏன் வரவில்லை?

இந்த மண்ணில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் வாச்சாத்தியைத் தாண்டிப் போக முடியாது. அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. ஆலமரத்தடியில் ஊரைக் கூட்டி அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள், மீதி 215 பேருக்கும் 2011 செப்டம்பரில் இதே தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்கு முன்னால் நீதிபதி அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பழைய காயத்தைக் கிளறுகிறேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்குச் சிறுமியாக இருந்தவர் இன்றைக்கு நடுத்தர வயதுக்காரர். விறகுக்கும் புளிக்கும் கடுக்காய்க்கும் காட்டுக்குள் போகும்போது தூரத்தில் ஒரு காக்கிச் சட்டை தெரிந்தால் அவர் உடம்பு என்ன நினைக்கும்? இன்றைக்கு வேலையில் இருக்கும் இளம் வனக்காவலருக்கு அந்தச் சம்பவத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அவர் போட்டிருக்கும் உடுப்புக்கு நினைவு இருக்கிறது. காட்டோரப் பலகை இன்னும் "அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்" என்றுதான் மிரட்டுகிறது. அந்த மிரட்டலுக்குப் பின்னால் இருக்கிற வனச் சட்டம் 1882ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்டது. காரில் வருகிறவருக்கும் கூடையோடு வருகிற அம்மாவுக்கும் அதே பலகைதான். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்து, காட்டில் சேகரிக்கிற பொருள்மேல் அங்கே வாழ்கிறவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. அதையும் ஒரு பலகையில் எழுதி வையுங்களேன். பெயிண்டுக்கு என்ன செலவாகப் போகிறது?

அடுத்தது பெண்கள். நம் வீட்டுப் பெண்கள் காட்டுக்கு ஏன் வருவதில்லை என்றால், பாம்புக்கும் கரடிக்கும் பயந்து என்பார்கள். நான் கேட்டவரைக்கும் யாரும் கரடியைச் சொல்லவில்லை. குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைச் சொன்னார்கள், கழிப்பறை இல்லாததைச் சொன்னார்கள், கடைசி பஸ் நேரத்தைச் சொன்னார்கள். ஒரு அக்கா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "மரத்தைப் பாக்கப் போனா எங்களை நாலு பேரு பாக்கறான்." பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தச் சில்லு ஆடு மேய்க்கும் பையன் காலிலும் ஏறும், யானைக் காலிலும் ஏறும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டத்தை 2022இல் நீலகிரியில் தொடங்கினார்கள். காட்டோரக் கடைகள் ஒன்றுவிடாமல் அது ஒழுங்காக நடந்தால் பாதி வழி சுத்தமாகும். மீதி வழிக்கு மாலை ரோந்து வேண்டும்.

ஓசூர்ப் பிள்ளைகளுக்கு வருகிறேன். ஆலையில் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை. ஓர் அறையில் ஆறு பேர் தங்குவார்கள். அந்த ஒரு நாளில் ரயில் நிலையத்திலும் செல்போன் கடை வாசலிலும் நின்று பொழுதைக் கழிக்கிறார்கள். அவர்களில் பலர் காட்டு ஊர்களில் பிறந்தவர்கள். மஹுவாப் பூ, அதாவது அவர்கள் ஊர் இலுப்பைப் பூ, பொறுக்கி வளர்ந்த பையனுக்கு நம் இலுப்பை மரத்தைப் பார்த்தால் தன் சொந்தக்காரனைப் பார்த்தது போல இருக்கும். ஆனால் பத்து பேராக அவர்கள் மரத்தடியில் உட்கார்ந்தால், "யாருப்பா நீங்க, எங்கேர்ந்து வர்றீங்க" என்று உடனே ஒருவர் விசாரணைக்கு வந்துவிடுகிறார். போன வருஷம் வந்த நம்ம ஊர் மாப்பிள்ளையை அப்படிக் கேட்போமா?

சாதியைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு பொய்யாகிவிடும். பறவை பார்க்கப் போகிறோம், நடைப்பயணம் போகிறோம் என்று குழு சேர்க்கிறோம். வாட்ஸ்அப்பில் யாருக்கெல்லாம் செய்தி போகிறது? ஒரே தெருவுக்கு, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு. காலனிப் பிள்ளைகள் வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை, கூப்பிடாமல் விடுகிறோம், அவ்வளவுதான். காட்டில் எல்லோரும் ஒரே பாறையில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட வேண்டியிருக்கும். அதற்குத் தயங்குகிறவர்கள்தான் கூப்பிடாமல் விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

தகடூர் நம் ஊரின் பழைய பெயர். அதியமான் இங்கே ஆண்டவன். அவனை அவ்வை பாடும்போது ஒன்று சொல்கிறாள்: ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பல நாள் தொடர்ந்து, பல பேரைக் கூட்டிக்கொண்டு போனாலும், முதல் நாள் போலவே முகம் மலர்ந்தான் என்று. நெல்லிக்கனிக் கதை நமக்குத் தெரியும், மேடைக்கு மேடை சொல்கிறோம். எனக்கு அதைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. பல பேரைக் கூட்டிக்கொண்டு போனாள், பாருங்கள். அந்தப் பல பேர் யார், என்ன குலம் என்று அதியமான் கேட்டதாக அவ்வை சொல்லவில்லை.

சரி, வழி காட்டுவது யார்? மலையில் பிறந்தவர்கள் காட்ட வேண்டும். அதற்குக் கூலி வேண்டும், அதுவும் அன்றன்றைக்குக் கையில். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வருகிறவர்கள் ரசிப்பதற்காக அவர்களை ஆடச் சொல்லாதீர்கள். எந்தச் செடியின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, எந்தச் சாணம் நேற்றையது, எது இன்று காலையது என்று சொல்லத் தெரிந்தவரைக் கையில் தப்பட்டையோடு நிற்க வைப்பது அவமானம்.

இப்போது அங்கே ஒரு தம்பி கையைத் தூக்குகிறார். எல்லோரையும் விட்டால் காடு தாங்குமா என்கிறார். தாங்காது தம்பி. ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல் போய்ப் பாருங்கள், தெரியும். சரணாலயத்தைத் திறந்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கரட்டுக் காடுகள், அதில் துறை அனுமதிக்கிற ஒரு பாதை, காலையில் பதினைந்து பேர், கூட ஒரு உள்ளூர் வழிகாட்டி, அவ்வளவுதான். ராகி கதிர் முற்றும் காலத்தில் கர்நாடகத்துப் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்கி ஓசூர் பக்கத்துச் சானமாவு வரைக்கும் வரும். அந்த மாதங்களில் அந்தப் பக்கம் யாருக்கும் வேலையில்லை. அதைத் தமிழில் மட்டும் எழுதாமல் தெலுங்கு, கன்னடம், உருது, இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். ஏன் மூடியிருக்கிறோம் என்று காரணமும் சொல்லுங்கள். காரணம் சொல்லி "இப்போ வேண்டாம்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அக்டோபர் 2 கிராம சபை நாள். 1965இல் நம் மாவட்டம் பிறந்ததும் அன்றைக்குத்தான். எந்தப் பாதை, யார் வழிகாட்டி, வசூலாகும் பணத்தில் ஊருக்கு எவ்வளவு என்று அன்றைக்கு உங்கள் ஊர்ச் சபையில் பேசுங்கள். வனத்துறை நண்பர்களும் வந்து உட்காருங்கள், முடிந்தால் உடுப்பு இல்லாமல். தீர்மானம் எழுதும்போது கழிப்பறையை முதலில் போடுங்கள். வரவேற்பு வளைவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.