திகார் சிறையின் வாசலில் தமிழ்நாட்டுப் போலீஸ்! ஏன் தெரியுமா?

வணக்கம் மக்களே! தில்லி திகார் சிறை வாசலில் உங்களைத் தடவிச் சோதனை போடுகிறவர் “பையில என்ன?” என்று தமிழில் கேட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். அவர் தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்காரர். பல வருடமாக அங்கே காவலுக்கு நிற்பது நம்ம ஆட்கள்தான். அந்தப் படையின் ஆறாம் அணி நம்ம மதுரையிலேயே இருக்கிறது.

இத்தனை தூரத்திலிருந்து ஏன் ஆள் கூப்பிட வேண்டும்? உள்ளூர்க்காரர் என்றால் சொந்தம், சாதி, தெரிந்தவன் என்று எந்த வழியிலாவது கைதி வளைத்துவிடுவான். பாஷை தெரியாதவரிடம் பேரம் பேசுவது கஷ்டம். பிறந்தநாள் என்று சொல்லி மயக்க மருந்து கலந்த இனிப்பைக் காவலர்களுக்குக் கொடுத்துவிட்டு, 1986 மார்ச்சில் தொடர் கொலைகாரன் சார்லஸ் சோப்ராஜ் தப்பிப் போன சிறை இது! ஆனால் நம்ம படையும் தவறியிருக்கிறது. 2023 மே மாதம் உள்ளே ஒரு ரவுடியைக் குத்திக் கொன்றபோது தடுக்கவில்லை என்று படையினர் சிலர் சஸ்பெண்ட் ஆனார்கள்.

திகாரின் வரலாறு சுருக்கமாக: 1958-ல் திறந்தார்கள், 1966-ல் தில்லி நிர்வாகத்துக்கு வந்தது, 1993-ல் கிரண் பேடி பொறுப்பேற்றுப் படிப்பு, தியானம் எல்லாம் கொண்டுவந்தார்.

சரி, எனக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

(திரையில்: 5,73,220 – 4,34,302)

முதல் எண், 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள். இருக்கிற இடமோ 4,36,266 பேருக்குத்தான். இரண்டாவது எண், அவர்களில் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை!

இதில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட இரண்டு பேரைக் கோர்ட் கேட்கும். அவர்களுக்கு ரேஷன் கார்டு வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் கூலிக்காரர் யாரைக் கூட்டி வருவார்? நம்ம மதுரை மத்தியச் சிறை இருக்கிற அரசரடி, புது ஜெயில் ரோடு பக்கம் காலையில் போனால் தெரியும். மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க வந்தவர்கள் கையில் பழப்பையும் ஆதார் நகலுமாக நிற்பார்கள். உள்ளே இருப்பவரின் குற்றத்தைப் பற்றி நான் பேசவில்லை. பணக்காரர் அன்றைக்கே வந்துவிடும் அதே கேசில் ஏழை மாதக்கணக்கில் கிடப்பது அநியாயம்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே வருடம் மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஏழை விசாரணைக் கைதியின் ஜாமீனுக்காகப் பணம் கிடைக்கும்; 2023-ல் கொண்டுவந்தபோது 40,000 ரூபாய் வரை என்று வைத்திருந்தார்கள். போதைப்பொருள், பயங்கரவாதம் போன்ற சில வழக்குகளுக்கு இல்லை. இப்படி ஒன்று இருப்பதே ஜெயில் வாசலில் நிற்கும் பலருக்குத் தெரியாது.

இலவச வக்கீலுக்குக் கூப்பிட வேண்டிய எண் 15100. லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை மக்களே, யாராவது மனு பார்க்கக் கிளம்பினால் இந்த எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.