லொரேன் தோட்டத்துப் பழக் கலெத்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

பிரான்ஸின் கிழக்கே, ஜெர்மனியின் எல்லையை ஒட்டிய லொரேன் வட்டாரத்தில் ஒரு பேக்கரியில் மாவு பிசைவதும் சுடுவதும் என் தொழில். பிரெஞ்சு இனிப்பு என்றதும் கண்ணாடி அலமாரிக்குள் மினுமினுக்கும் கடைச் சரக்குதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. இங்கே வீடுகளில் விருந்தின் முடிவில் மேசைக்கு வரும் பழக் கலெத்தைப் பற்றி. மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் பழத்தைப் பரப்பி, ஓரத்தைக் கையாலேயே உள்பக்கம் மடித்துவிட்டு, அச்சு எதுவும் இல்லாமல் தட்டில் வைத்துச் சுடுவது. வட்டம் கோணலாக இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மடிப்புகள் ஒன்றுபோல் இல்லையே என்று யாரும் கேட்பதில்லை.

செய்முறை எளிது. ஆனால் நல்ல கலெத் அரிது. அடிமாவு வெந்தும் வேகாமலும் பிசுபிசுத்து, மேலே பழம் கூழாகிக் கிடக்கும் கலெத்துகளை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். சமைத்தவர்கள் மாவைக் குறை சொல்வார்கள், ஓவனைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் இரண்டிலும் இல்லை. நீரில் இருக்கிறது. மாவில் எவ்வளவு நீர், வெண்ணெயில் எவ்வளவு நீர், பழத்தில் எவ்வளவு நீர், அது எப்போது வெளியே வருகிறது, எங்கே போகிறது என்பதைக் கவனித்தால் போதும். மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

முதலில் பழம். லொரேனில் கலெத்துக்கு உரிய பழம் மிராபெல். பிளம் இனத்தைச் சேர்ந்தது. பெரிய கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். மஞ்சள் தோலில் வெயில் பட்ட பக்கம் மட்டும் சிவப்புப் புள்ளிகள் தெளித்திருக்கும். உலகில் விளையும் மிராபெல்லில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் விளைகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. லொரேனில் கொடிகள் பட்டுப்போன சரிவுகள் பலவற்றில் உழவர்கள் மிராபெல் மரங்களை நட்டார்கள். 1996இல் லொரேன் மிராபெல்லுக்கு ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆகஸ்ட் நடுவில் அறுவடை தொடங்கும். செப்டம்பர் பாதியில் கிட்டத்தட்ட முடிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் மெஸ் நகரம் இந்தப் பழத்துக்கென்றே விழா எடுக்கிறது. வீடுகளில் ஜாம் காய்ச்சுவார்கள், கொட்டை நீக்கிய பழத்தை உறைபெட்டியில் அடுக்குவார்கள், கலெத் சுடுவார்கள்.

பழுத்த மிராபெல்லைக் கையில் எடுத்தால் ஒரு பக்கம் மெல்லிய கோடு ஓடுவது தெரியும். அந்தக் கோட்டின் மேல் இரண்டு கட்டை விரல்களையும் வைத்து இலேசாக அழுத்தினால் பழம் இரண்டாகப் பிளந்துகொள்ளும். கொட்டை சதையை விட்டுச் சுத்தமாகக் கழன்று வரும். கத்தி தேவையில்லை. கொட்டை ஒட்டிக்கொண்டு வந்தால் பழம் இன்னும் பழுக்கவில்லை என்று பொருள்; அதைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். ஒரு கிண்ணம் பழம் பிளந்து முடிப்பதற்குள் விரல்களெல்லாம் தேன் தொட்டதுபோல் ஒட்டத் தொடங்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆறு பேருக்கான ஒரு கலெத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் பழம் வேண்டும். பிளம் இனத்துப் பழங்களின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நீர்தான். அப்படியென்றால் அரை லிட்டருக்கும் அதிகமான நீரை மெல்லிய மாவுத் தகட்டின் மேல் ஏற்றி வைக்கிறோம். அந்த மாவைப் பிசைய நாம் சேர்த்த நீரோ வெறும் 60 மில்லி. கலெத் ஏன் அடிக்கடி நனைந்துபோகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

மாவுக்கு வருவோம். 250 கிராம் மைதா, 125 கிராம் வெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, ஐஸ் போட்டுக் குளிரவைத்த 60 மில்லி தண்ணீர். மைதாவுக்குப் பாதி வெண்ணெய் என்பது பிரெஞ்சு வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடமான அளவு. வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக, கல் போல் இருக்க வேண்டும். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, உப்புச் சேர்த்த மைதாவில் போட்டு, விரல் நுனிகளால் மட்டும் பிசற வேண்டும். உள்ளங்கை படக்கூடாது; அதன் சூட்டில் வெண்ணெய் இளகிவிடும். முழுவதும் மணலாகும்வரை பிசறுவது பழைய முறை. கலெத்துக்கு நான் அவ்வளவு தூரம் போவதில்லை. பட்டாணி அளவு வெண்ணெய்த் துண்டுகள் அங்கங்கே இருக்கும்போதே நிறுத்திவிடுவேன்.

அதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சு வெண்ணெயில் குறைந்தது 82 சதவீதம் கொழுப்பு. நீர் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். நாம் எடுத்த 125 கிராமில் ஏறக்குறைய 20 மில்லி நீர் இருக்கிறது. மாவுக்குள் தகடு தகடாக அமுங்கிய வெண்ணெய்த் துண்டு ஓவனின் சூட்டில் உருகும்போது அதிலுள்ள நீர் ஆவியாகி, மேலிருக்கும் மாவுப் படலத்தைத் தூக்குகிறது. கடிக்கும்போது ஏடு ஏடாகப் பிரிந்து நொறுங்குவது இப்படித்தான் உண்டாகிறது. நெய் விட்டால் இது நடக்காது. நெய்யில் நீர் இல்லை. மாவு மணல் போல உதிருமே தவிர ஏடு பிரியாது. நம் ஊர் வெயிலில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். மைதாவையும் பாத்திரத்தையும்கூட அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

தண்ணீரை மூன்று நான்கு முறையாகத் தெளித்துச் சேர்க்க வேண்டும். பதம் புட்டு மாவின் பதம்தான்: கைப்பிடியில் அழுத்தினால் பிடிக்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அந்த இடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் மைதாவின் பசைச்சத்து முறுக்கேறி, சுட்ட பிறகு மாவு தோல் போல் இழுபடும். உருட்டித் தட்டையாக்கி, மூடி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இந்த ஓய்வை அவசரத்தில் தவிர்க்கிறவர்கள் உண்டு. தவிர்த்தால் தேய்க்கும்போதே மாவு சுருங்கிச் சுருங்கி மறுக்கும்.

பிறகு மாவு தூவிய பலகையில், மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான வட்டமாகத் தேய்த்து, காகிதம் விரித்த தட்டுக்கு மாற்றலாம். பழத்தை அடுக்குவதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. ஓரத்தில் நான்கு விரல் அகலம் விட்டுவிட்டு, நடுவில் நாற்பது கிராம் பாதாம் பொடியை மெல்லியதாகத் தூவ வேண்டும். பாதாம் இல்லாவிட்டால் ரவை. பிரெஞ்சு வீடுகளிலும் ரவை தூவுவது வழக்கம்தான். பழம் விடும் சாற்றில் ஒரு பங்கை இது உறிஞ்சிக்கொள்ளும். ரவையைக் காட்டிலும் பாதாம் சுவையும் சேர்க்கும் என்பதால் என் ஓட்டு பாதாமுக்கே.

பழத் துண்டுகளைத் தோல் பக்கம் கீழே, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி, வெளியிலிருந்து உள்ளே சுற்றுச் சுற்றாக, நெருக்கி அடுக்க வேண்டும். தோல் ஒரு கிண்ணமாக நின்று சாற்றைத் தாங்கும். திறந்த பக்கத்திலிருந்து ஆவி மேலே போகும். கவிழ்த்து வைத்தால் சாறு நேராக மாவில் இறங்கிவிடும்.

சர்க்கரை எப்போது? இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். என் பக்கத்து வீட்டு மூதாட்டி இந்த ஊர்த் தோட்டங்களிலேயே வளர்ந்தவர். பழத்தின் மேல் சர்க்கரையை முன்பே தூவுவதைப் பார்த்தால் அவரால் பொறுக்க முடியாது. "ஓவனிலிருந்து வெளியே வந்த பிறகு போடுங்கள்" என்பார். லொரேனிலும் பக்கத்து அல்சாஸிலும் பிளம் பழப் பண்டங்களுக்கு இதுதான் பழைய வழக்கம். அதன் பின்னே இருக்கும் காரணத்தை ஊறுகாய் போடுகிற எவரும் அறிவார்கள். உப்பைப் போலவே சர்க்கரையும் பழத்திலிருந்து நீரை வெளியே இழுக்கும். அது சுடுவதற்கு முன்பே நடந்தால் மாவு பச்சையாகவே சாற்றில் ஊறத் தொடங்கும். ஓரத்து மாவில் மட்டும் பாலைத் தடவி, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை தூவிச் சுடலாம். அது மாவுக்கு நிறமும் மொறுமொறுப்பும் தரும்.

ஓரத்தை மடிக்கும்போது அழகைவிட விரிசலைப் பாருங்கள். மாவு எங்காவது கீறியிருந்தால் ஈர விரலால் அழுத்தி மூடிவிடுங்கள். சின்னக் கீறல் போதும். சாறு அதன் வழியே ஓடித் தட்டில் கருகி, கலெத்தைப் பெயர்க்க முடியாமல் செய்துவிடும்.

ஓவனை 210 டிகிரிக்கு நன்றாகச் சூடாக்கி, தட்டைக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். அடிமாவு முதலில் வேகட்டும். கால் மணி நேரத்துக்குப் பிறகு 180க்குக் குறைத்து இன்னும் அரை மணி நேரம். ஓவனுக்கு ஓவன் வேறுபடும் என்பதால் கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புவது மேல். சாறு முதலில் சலசலவென்று நுரைக்கும். பிறகு குமிழிகள் பெரிதாகி, மெதுவாகி, பாகு போல் கெட்டியாக வெடிக்கும். அப்போது ஒரு தட்டையான கரண்டியால் ஓரத்தைச் சற்றே தூக்கி அடியைப் பாருங்கள். பொன்னிறம் போதாது, பழுப்பாக இருக்க வேண்டும். வெளிறிய கலெத்தை வெளியே எடுப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் வெண்ணெய் மணத்தை முழுவதுமாகப் பெற்றிருப்பார்கள்.

வெளியே எடுத்ததும் இரண்டு மூன்று கரண்டி சர்க்கரையைப் பழத்தின் மேல் தூவி, கம்பி வலையின் மேல் ஆறவிட வேண்டும். தட்டிலேயே விட்டால் ஆவி அடியில் தேங்கி மாவை நனைக்கும். ஜாமை இறுகவைக்கும் பெக்டின் என்ற பொருள் பிளம் பழத்தில் நிறைய இருக்கிறது. ஆற ஆற அதுவே சாற்றை இறுகச் செய்யும். எனவே அரை மணி நேரமாவது பொறுத்துத்தான் வெட்ட வேண்டும்.

நீரைக் கையாளுவதில் பிரான்ஸின் ஒவ்வொரு வட்டாரமும் தன் வழியைக் கண்டிருக்கிறது. லிமூசன் பகுதியில் கறுப்புச் செர்ரிகளைக் கொட்டையோடு தட்டில் போட்டு, முட்டையும் பாலும் மாவும் கலந்த கரைசலை ஊற்றிச் சுடுகிறார்கள். அதுதான் கிளாஃபுத்தி. செர்ரி விடும் சாறு அந்தக் கரைசலிலேயே சேர்ந்துவிடும். கொட்டையிலிருந்து இலேசான பாதாம் மணமும் இறங்கும். லாமோத் பெவ்ரோன் என்ற சிற்றூரில் விடுதி நடத்திய ததேன் சகோதரிகளின் பெயரால் வழங்கும் ஆப்பிள் பண்டத்தில், ஆப்பிளின் சாறு வெண்ணெயோடும் சர்க்கரையோடும் அடுப்பிலேயே வற்றிப் பாகாகிறது. மாவு அதன் மேலே மூடியாக உட்கார்ந்து, உலர்ந்த சூட்டில் வெந்த பிறகே தலைகீழாகக் கவிழ்க்கப்படுகிறது. ஏதோ தவறில் பிறந்த பண்டம் என்று அதைப் பற்றிக் கதை சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது நல்ல சமையல் அறிவு. பழம்போலவே இனிப்புகளில் சேர்க்கும் புளிப்பான செடித்தண்டு ருபார்ப். வசந்த காலத்தில் வரும் அதற்கு லொரேனில் நேர் எதிரான வழி: துண்டு போட்டு, முதல் நாள் இரவே சர்க்கரையில் பிசறி, வடிகட்டியில் வைத்து நீரை வடித்துவிட்டுத்தான் மாவில் வைப்பார்கள். மிராபெல்லுக்குக் கூடாத சர்க்கரை அங்கே முன்கூட்டியே வேலை செய்கிறது.

உங்கள் ஊரில் மிராபெல் கிடைக்காது. குளிர் மாதங்களில் வரும் ஆப்பிளில் தொடங்கலாம். அது அவ்வளவாகச் சாறு விடாது. கோடையில் மலைப்பகுதிகளிலிருந்து வரும் பிளம், பீச் பழங்கள் கிடைத்தால், மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும். பழம் கொஞ்சம் கெட்டியாக, புளிப்பு மிச்சமிருக்கும் பருவத்தில் இருக்கட்டும்.

கலெத்தை வெதுவெதுப்பாக, அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். ஒரு கரண்டி புளித்த பாலாடை பக்கத்தில் இருந்தால் போதும். ஐஸ்கிரீம் வேண்டாம், அது உருகி மறுபடியும் மாவை நனைக்கும். மீந்தால் ஃப்ரிட்ஜில் வைக்காமல், துணியால் மூடி வெளியிலேயே வைத்து, மறுநாள் காலை ஓவனில் பத்து நிமிடம் காட்டுங்கள். மைக்ரோவேவ் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம். பாலில்லாத காப்பியோடு அந்த மறுநாள் துண்டு தனிச் சுவை.

கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.