பேரை முதல்ல எடுத்தவங்கதான் பாவம் நடுவரே

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணியில உக்காந்துட்டு என்னைய பாத்து இப்பவே சிரிக்கற மூணு பேருக்கும் வணக்கம், சிரிங்க, இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு.

தலைப்பு என்ன? ஒரே பேர்ல ரெண்டு பிரபலம் இருந்தா அதிகமா அவஸ்தைப்படறது முன்னாடி வந்தவரா, பின்னாடி வந்தவரா? எதிரணித் தலைவர் அக்கா பின்னாடி வந்தவருக்காக கண்ணு கலங்கற அளவுக்கு பேசிட்டு போயிருக்காங்க. ஹாலிவுட் நடிகர் மைக்கேல் கீட்டன் பாவமாம், பொறக்கும்போது அவரும் மைக்கேல் டக்ளஸ்தானாம், ஏற்கனவே அந்தப் பேர்ல ஒரு நடிகர் இருந்ததால நடிகர் சங்கத்துல அந்தப் பேர் கிடையாதுன்னு சொல்லிட்டாங்களாம், பெத்தவங்க வச்ச பேரையே தொலைச்சுட்டு நின்னாராம்.

சரிக்கா. தொலைச்சவர் அடுத்து என்ன பண்ணார்? தனக்குப் பிடிச்ச பேரா பாத்து ஒண்ணு எடுத்துகிட்டார்ல? அதுதான் என் பாயிண்டே. பின்னாடி வர்றவனுக்கு முன்னாடி இருக்கறவன் யாருன்னு தெரியும், ஆளைப் பாத்துட்டு ஒதுங்கிக்கலாம். டேவிட் ஜோன்ஸ்னு ஒரு பையன் பாட்டு பாடிட்டு இருந்தான், டேவி ஜோன்ஸ்னு இன்னொருத்தர் பிரபலமாகி வந்ததும் பேரை டேவிட் போவின்னு மாத்திகிட்டான், அதுவும் ஒரு கத்தியோட பேர்ல இருந்து எடுத்தது, நஷ்டமா அவனுக்கு? டேவிட் மெக்டொனால்டுன்னு நடிக்க வந்த பதினாறு வயசுப் பையன், சங்கத்துல அந்தப் பேர் காலி இல்லைன்னதும் ஒரு மியூசிக் பத்திரிகைல நீல் டெனன்ட்னு ஒரு பாடகர் பேரைப் பாத்து டேவிட் டெனன்ட் ஆயிட்டான். ஹாலிவுட்ல ஏற்கனவே ஒரு ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இருந்ததால, அதே பேர்ல பொறந்த இங்கிலாந்து நடிகர் ஸ்டூவர்ட் கிரேஞ்சர் ஆனார், வீட்ல பழகினவங்க கடைசி வரைக்கும் ஜேம்ஸோட செல்லப்பேரான ஜிம்மின்னுதான் கூப்பிட்டாங்க. இவங்கல்லாம் பேர்க்கடைக்குள்ள போய் டிசைன் பாத்து எடுத்த ஆளுங்க. முன்னாடி வந்தவனுக்கு அந்த வசதி உண்டா? அவன் பாட்டுக்கு தன் பேரோட சிவனேன்னு இருப்பான், ஒரு நாள் காலைல எந்திரிச்சுப் பாத்தா அந்தப் பேர் ஊர்ல வேற யாருக்கோ பட்டா போட்டுக் கொடுத்தாச்சு.

நான் சொல்றது சும்மா இல்லை. என் ஆபீஸ்ல என் பேர்ல நான்தான் முதல்ல சேர்ந்தேன், அதனால மெயில் ஐடி வெறும் என் பேரு, சுத்தமா இருக்கும். மூணு வருஷம் கழிச்சு அதே பேர்ல ஒருத்தர் வந்தார், அவருக்கு பேருக்குப் பின்னாடி ஒரு ரெண்டு போட்டுக் கொடுத்தாங்க. எல்லாரும் என்ன நினைப்பீங்க, ரெண்டுன்னு போட்டுக்கற அவர்தான் பாவம்னு. ஆனா அனுப்பறவன் எவனும் அந்த ரெண்டை டைப் பண்ண மாட்டான் நடுவரே! அவருக்கு வர வேண்டிய மீட்டிங், அவருக்கு வர வேண்டிய திட்டு, எல்லாம் எனக்கு. ஒரு தடவை அவரோட சம்பள உயர்வு லெட்டர் எனக்கு வந்துச்சு, பத்து நிமிஷம் நான் வாழ்க்கையிலயே ரொம்ப சந்தோஷமா இருந்த பத்து நிமிஷம் அது, அப்புறம் கீழ எம்ப்ளாயி நம்பரைப் பாத்தேன். இதுல கொடுமை என்னன்னா இப்ப ஆபீஸ்ல என்னைய கூப்பிடறது "பழையவர்"னு. ரெண்டு போட்டுகிட்டவருக்குப் பேர் இருக்கு, எனக்கு வயசுதான் இருக்கு.

இது எனக்கு மட்டும் நடந்ததுன்னு நினைக்காதீங்க, அமெரிக்க ஜனாதிபதிக்கே நடந்துச்சு. 1989ல இருந்து 1993 வரைக்கும் ஜார்ஜ் புஷ்னா ஒரே ஆள்தான், உலகம் முழுக்க அப்படித்தான் சொன்னாங்க, எழுதினாங்க. 2001ல அதே ஜார்ஜ் புஷ்ங்கற பேர்ல மகன் ஜனாதிபதி ஆனார். அவ்வளவுதான், அப்பாவுக்கு திடீர்னு நடுவுல எச் டபிள்யூ ரெண்டு எழுத்தும் கட்டாயமாயிடுச்சு, இல்லைன்னா சீனியர், இல்லைன்னா வெறும் நம்பர், நாப்பத்தொண்ணாவது ஜனாதிபதிங்கறதால நாப்பத்தொண்ணு! நாட்டையே ஆண்ட மனுஷன், பதவியை விட்டு இறங்கி எட்டு வருஷம் கழிச்சு பேருக்கு வால் ஒட்டறாங்க.

பிரான்ஸ்ல அப்பா, மகன் ரெண்டு எழுத்தாளருக்கும் பேர் அலெக்சாந்தர் டூமா, அந்தக் கதையும் இதேதான். 1844ல மூன்று துப்பாக்கி வீரர்கள் கதையை எழுதிப் பேர் வாங்கினவர் அப்பா. 1848ல மகன் ஒரு நாவல் எழுதி அவரும் பேர் வாங்கிட்டார். அதுக்கப்புறம் அப்பா பேருக்குப் பின்னாடி பெர், மகன் பேருக்குப் பின்னாடி ஃபீஸ். பிரெஞ்சுல பெர்னா அப்பா, ஃபீஸ்னா மகன். நம்ம கணக்குல ஃபீஸ்னா என்னன்னு உங்களுக்கே தெரியும், அதைக் கட்டினதும் அப்பாதான், பேர்ல வால் வாங்கினதும் அப்பாதான்.

ஏன், இங்கிலாந்துல ஒரு ராணியம்மா 1603லயே போய்ச் சேர்ந்துட்டாங்க. அதுக்கப்புறம் முன்னூத்தி நாப்பத்தொம்பது வருஷம் அவங்க எலிசபெத் ராணிதான். 1952ல இன்னொரு எலிசபெத் பட்டத்துக்கு வந்ததுக்கு, கல்லறைல படுத்திருக்கறவங்களுக்கு "முதலாம்"னு நம்பர் போட வேண்டியதாப் போச்சு. செத்தும் நிம்மதி இல்லை நடுவரே முன்னாடி வந்தவங்களுக்கு.

அக்கா எம்.ஜி.ஆரையும் இழுத்தாங்க. ஆரம்ப காலப் படங்கள்ல டைட்டில்ல ராமச்சந்திரன்னு போட முடியாம ராம்சந்தர்னு போட்டுக்க வேண்டியதாச்சே, ஏற்கனவே டி.ஆர். ராமச்சந்திரன் பிரபலமா இருந்தாரே, பின்னாடி வந்தவர் பட்ட பாட்டைப் பாருங்கன்னு கேட்டாங்க. அருமையான கேள்வி. முதல் படத்துல தலை காட்டினது 1936ல எம்.ஜி.ஆர்தான், ஆனா பேர் எடுத்தது டி.ஆர்தான் முதல்ல, அதை நான் மறுக்கலை. 1941ல சபாபதி படத்துக்கு ஹீரோ அவரு. அந்த முட்டைக் கண்ணை உருட்டி முழிச்சார்னா தியேட்டரே குலுங்கும். எம்.ஜி.ஆர் ராஜகுமாரியில ஹீரோ ஆகறதே 1947லதான். ஆனா இப்ப இந்த ஹால்ல ராமச்சந்திரன்னு நான் சொன்னதும் உங்க மனசுல வந்த முகம் யாரோடது? உண்மையைச் சொல்லுங்க. கொஞ்ச வருஷம் ராம்சந்தரா இருந்தவர் மொத்தப் பேரையும் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டார், முதல்ல வச்சிருந்தவரைப் பத்திச் சொல்லணும்னா இன்னிக்கு ரெண்டு இனிஷியலும் சொல்லணும், சபாபதின்னு சொல்லணும், அப்பவும் பாதி பேர் யாருங்கறாங்க.

கணேசன் விஷயமும் சொல்லிடறேன். 1947ல மிஸ் மாலினி படத்துல வந்தவர் ஜெமினி கணேசன், 1952ல பராசக்தியில வந்தவர் சிவாஜி கணேசன், எட்டு வயசு சின்னவர். ரெண்டு பேருக்குமே அடைமொழி ஒட்டிகிச்சு, ஒத்துக்கறேன். ஆனா என்ன அடைமொழின்னு பாருங்க. சின்னவருக்கு மேடைல போட்ட வேஷம் பேராச்சு, அதுவும் ஒரு மகாராஜா வேஷம், கொடுத்தவர் பெரியார். மூத்தவருக்கு? முன்னாடி வேலை பார்த்த கம்பெனி பேரு! நானும் நீங்களும் ஐடி கார்டை கழுத்துல மாட்டிகிட்டு திரியறோம்ல, அவர் அதைப் பேருக்கு முன்னாடியே மாட்டிகிட்டு வாழ்நாள் முழுக்க நடிச்சார். கட்டபொம்மன்லயும் பாசமலர்லயும் ரெண்டு கணேசனும் ஒண்ணா நடிச்சதுல சண்டை சச்சரவு ஒண்ணும் இல்லை, அது அவங்க பெருந்தன்மை.

இப்ப அக்கா பெரிய துருப்புச் சீட்டுன்னு நினைச்சு வச்ச வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு வர்றேன். இங்கதான் எதிரணி பாதிக் கதையைச் சொல்லிட்டு மீதியைப் பாக்கெட்டுல போட்டுகிட்டாங்க. 1899ல அமெரிக்கால வின்ஸ்டன் சர்ச்சில்னு ஒரு நாவலாசிரியர் சக்கைப் போடு போட்டுட்டு இருந்தார். அதே சமயம் லண்டன்ல இன்னொரு வின்ஸ்டன் சர்ச்சில், மூணு வயசு இளையவர், இவரும் ஒரு நாவல் எழுதிட்டு இருக்கார். திடீர்னு இவருக்கு வாழ்த்து வாழ்த்தா வருது, ஆஹா நம்ம கதைக்குத்தான்னு பூரிச்சுப் போறார், அப்புறம்தான் தெரியுது எல்லாம் அந்தாளுக்கு வந்ததுன்னு. (என் சம்பள உயர்வு லெட்டர் ஞாபகம் வருதா?) உடனே ஒரு லெட்டர் எழுதறார், திருவாளர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு வின்ஸ்டன் சர்ச்சில் எழுதிக்கொள்வதுங்கற மாதிரி ஆரம்பிச்சு, இனிமே என் புத்தகத்துல எல்லாம் ஸ்பென்சர்னு நடுவுல சேர்த்துக்கறேன், குழப்பம் வராதுன்னு பணிவா சொல்றார். அமெரிக்காக்காரரும் நல்ல மனுஷன், எனக்கும் நடுவுல ஒரு பேர் இருந்திருந்தா நானே சேர்த்திருப்பேன், இல்லையேன்னு பதில் போடறார்.

அக்கா இதோட நிறுத்திட்டாங்க, பாத்தீங்களா பின்னாடி வந்தவர்தானே இறங்கிப் போனார்னு. அப்புறம் நடந்ததை யார் சொல்றது? அமெரிக்க சர்ச்சிலும் அரசியலுக்குப் போனார், நியூ ஹாம்ப்ஷயர் சட்டசபைல உறுப்பினரா இருந்தார், கவர்னராகப் பாத்தார், நடக்கலை. லண்டன் சர்ச்சில் பிரதமரே ஆயிட்டார். சரி, அரசியல் போகட்டும், எழுத்தாவது இவரோடதுன்னு நிம்மதியா இருக்கலாம்ல? 1947ல அமெரிக்க சர்ச்சில் இறந்து போறார். 1953ல வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு நோபல் பரிசு கொடுக்கறாங்க. எதுக்கு? சமாதானத்துக்கு இல்லை நடுவரே. இலக்கியத்துக்கு! அந்த ஸ்பென்சர்ங்கறது ஒரு இன்ச் இடம் கொடுங்கன்னு கேட்டு பஸ்ல உக்கார்ற மாதிரி, கடைசி ஸ்டாப் வரும்போது மொத்த சீட்டும் அவரோடது.

பறவை ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் பாண்டைப் பத்திச் சொல்லவே வேண்டாம். 1936ல மேற்கிந்தியத் தீவுப் பறவைகளைப் பத்திப் புத்தகம் போட்ட அமைதியான மனுஷன். ஜமைக்கால உக்காந்து கதை எழுதிட்டு இருந்த இயான் ஃபிளெமிங் அந்தப் புத்தகத்தைப் பாத்து, இருக்கறதுலயே சப்பையான பேரா இருக்கேன்னு தன் உளவாளிக்கு வச்சுகிட்டார். கேக்கவும் இல்லை. பின்னால பாண்டோட மனைவி விசாரிச்சப்ப, பதிலுக்கு உங்க வீட்டுக்காரர் ஏதாவது மோசமான பறவையைக் கண்டுபிடிச்சா அதுக்கு என் பேரை வச்சுக்கட்டும்னு எழுதினார். நஷ்ட ஈடு எப்படி? இதுல பின்னாடி வந்தவர் ஒரு ஆளே கிடையாது, கற்பனை! இல்லாத ஆள்கிட்டயே தோத்துப் போறான் நடுவரே முன்னாடி வந்தவன்.

எதிரணியில ரெண்டாவதா பேசின தம்பி எலிசபெத் டெய்லர்னு ஒரு நாவலாசிரியையைப் பத்திச் சொன்னார், 1945ல முதல் நாவல் வந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம்தான் நடிகை எலிசபெத் டெய்லர் பன்னண்டு வயசுல ஒரே படத்துல உலகப் பிரபலம், அப்புறம் காலம் பூரா இந்தம்மாவுக்கு ஆம்பளைங்க லெட்டர் போட்டு நீச்சல் உடை போட்டோ கேட்டாங்கன்னு. இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அந்த மார்க்கை தம்பிக்கே கொடுத்துடுங்க. அடுத்தது பேசலாம்.

அடுத்ததுதான் கடைசி, என்ன அடிச்சாலும் நான் இதைச் சொல்லாம இறங்க மாட்டேன். ஔவையார்னு சொன்னதும் உங்களுக்கு என்ன தெரியுது? நரைச்ச தலை, நெத்தி நிறைய திருநீறு, கைல கம்பு. ஆத்திசூடி, கொன்றைவேந்தன். அது சோழர் காலத்து ஔவைன்னு சொல்வாங்க. அதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடி சங்ககாலத்துல ஒரு ஔவை இருந்தாங்க, அம்பத்தொம்பது பாட்டு இருக்கு, அதுல முப்பத்திமூணு புறநானூத்துல. அதியமானோட சரிசமமா பழகினவங்க, தூது போன இடத்துல தொண்டைமான் ஆயுதத்தை எல்லாம் அடுக்கி வச்சுக் காட்ட, உன் வேல் பளபளன்னு மாலை போட்டுகிட்டு இருக்கு, எங்காளு வேல் உடைஞ்சு போய் கொல்லன் பட்டறைல கெடக்குன்னு புகழற மாதிரியே குத்திட்டு வந்த வாய். இந்த ரெண்டு பேரையும் நாம ஒரே பாட்டி ஆக்கிட்டோம். எப்படிப்பா ஒரே ஆள் இத்தனை நூற்றாண்டு இருந்தாங்கன்னு கேட்டா, அதியமான் நெல்லிக்கனி கொடுத்தான்ல, அதனாலன்னு பதில். அதாவது அந்த நெல்லிக்கனிக்காக சங்ககால ஔவை தானே எழுதின புறநானூறு 91ஐ வச்சே அவங்களைக் காணாம அடிச்சாச்சு!

ரெண்டாவது ஔவை தன் சொந்தப் பேரையே இழந்திருக்கலாமேன்னு அக்கா கை தூக்கறாங்க. இருக்கலாம்க்கா. ஆனா முகம் அவங்களோடது நின்னுடுச்சே. முதல் ஔவைக்கு முகமே போச்சு. அந்த முகம் எப்படி இருந்துச்சுன்னு அவங்க பாட்டுலயே இருக்கு, புறநானூறு 89, உங்க நாட்டுல சண்டை போட ஆள் இருக்கான்னு எதிரி ராஜா அவங்களைப் பாத்துக் கேக்கறான், கேக்கும்போது எப்படிக் கூப்பிடறான் தெரியுமா? "மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி". மை தீட்டின கண்ணு, பளிச்சுனு நெத்தி, இளம் வயசுப் பொண்ணு நடுவரே அவங்க.

மணி அடிக்கறாங்க, உக்காந்துடறேன். தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு யோசிங்க, அந்தப் பொண்ணு கைல கம்பைக் கொடுத்தது யாரு?