வகுப்பு முடிந்த பிறகு எங்கே போவது?

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரித்திருக்கும் நூலகக் குழுச் செயலாளர் அம்மையார் அவர்களே, வரவேற்புரை ஆற்றி என் வேலையில் பாதியை முடித்துக் கொடுத்த புலவர் அய்யா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த நாடகக் கலைஞர்களே, பின்வரிசையில் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காரலாம், நாற்காலி இருக்கிறது. செயலாளர் அம்மையாருக்குத் தனியாக ஒரு வணக்கம். அவரிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது, பிறகு வருகிறேன். ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்ளும் தம்பிக்கும் நன்றி. அவர் கை வைக்காவிட்டால் நாங்கள் எல்லாம் வாயசைக்கும் பொம்மைகள்தான்.

தலைவர் எனக்கு அரை மணி நேரம் தந்திருக்கிறார். மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன். நடிப்பு வகுப்பை எப்படித் தேர்வது, அது ஒன்று. தொழிலில் இருக்கும் நடிகர் தன் கையை எப்படித் துருப்பிடிக்காமல் வைத்துக்கொள்வது, இரண்டு. நடிப்பில் உண்மையான ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்பது மூன்று. மூன்றுக்கும் அடியில் ஔவை சொன்ன ஒரே வரி ஓடுகிறது: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். இந்த வரியை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வகுப்பு. சேரும் முன் ஆசிரியர் யார், யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று விசாரிக்கிறோம். தப்பில்லை. ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: நான் எத்தனை நிமிடம் எழுந்து நின்று நடிப்பேன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பு 2 மணி நேரம், ஆசிரியர் பேச்சுக்கு அரை மணி போனால் மிச்சம் 90 நிமிடம். 30 பேர் இருந்தால் ஆளுக்கு 3 நிமிடம். மூன்று நிமிடத்தில் ஒருவர் தன் கூச்சத்தைக்கூட இறக்கி வைக்க முடியாது. அதே நேரத்தில் 12 பேர் என்றால் ஆறு ஜோடி, ஜோடிக்கு 15 நிமிடம். ஒருமுறை நடித்து, ஆசிரியர் திருத்தி, மறுபடி நடித்துப் பார்க்க அது போதும். அந்த மறுபடி நடிப்பதில்தான் பாடம் இருக்கிறது. திருத்தம் சொல்லிவிட்டு "சரி, அடுத்த ஜோடி" என்று போகும் வகுப்பில் பணம் கட்டாதீர்கள். கட்டும் முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில். வாய்ப்பு நிச்சயம் என்று உறுதி தருகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

உள்ளே என்ன நடக்க வேண்டும்? தொடக்கத்தில் உடலுக்குப் பத்து நிமிடம், குரலுக்குப் பத்து நிமிடம். மூச்சை மார்புக்கு மேலே இழுத்துத் தோளைத் தூக்காமல், விலா எலும்பின் கீழ்ப்பகுதி பக்கவாட்டில் விரியும்படி இழுக்க வேண்டும். பிறகு "ஸ்" என்று ஒரே சீராக இருபது எண்ணும் வரை விட வேண்டும். கடைசி ஐந்தில் ஓசை நடுங்கினால், வசனத்தின் கடைசிச் சொல்லும் அப்படித்தான் விழுங்கப்படும். அப்புறம் நாக்கு. "ஓடுற நரியில ஒரு நரி சிறுநரி" என்பதை முதலில் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் கடித்துச் சொல்லிவிட்டுத்தான் வேகம் கூட்ட வேண்டும். வேகத்தில் தொடங்குகிறவர் தவறையே பழகுகிறார். நாப்பழக்கம் என்றாளே ஔவை, அது நல்லதையும் பழகும், கெட்டதையும் பழகும்.

வசனம் மனப்பாடம் செய்யும்போது பலர் செய்யும் தவறு, ராகத்தோடு மனப்பாடம் செய்வது. வீட்டில் கண்ணாடி முன் ஒரு ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். இயக்குநர் "கோபம் வேண்டாம், கெஞ்சுங்கள்" என்றதும் சொல் மறந்து போகிறது. சொல்லும் ராகமும் ஒட்டிக்கொண்டுவிட்டன, ஒன்றை மாற்றினால் இன்னொன்றும் உதிர்கிறது. ராகமே இல்லாமல், தட்டையாக, கையால் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டே சொல்லிப் பழகுங்கள். எதிராளியின் கடைசி வரியையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒரு சின்ன வரியை எடுத்துக்கொள்வோம். "எப்ப வந்தே?" இரண்டே சொல். இதைக் குற்றம் சாட்டச் சொல்லலாம். தான் வராமல் போனதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம். கையில் இருப்பதை மறைக்க நேரம் வாங்கச் சொல்லலாம். அழுகையை அடக்கவும் சொல்லலாம். நான்கிலும் சொல் மாறவில்லை, எதிராளியிடம் நான் செய்வது மாறுகிறது. அதனால் வசன ஏட்டின் ஓரத்தில் "சோகம்", "கோபம்" என்று எழுதாதீர்கள். "மிரட்டு", "தேற்று", "மழுப்பு" என்று எழுதுங்கள். சோகத்தை நடிக்க முடியாது, மழுப்புவதை நடிக்க முடியும்.

உணர்ச்சிகளைப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதா என்ன? தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். எட்டோடு விட்டாரா? ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்காகப் பிரித்தார். அழுகை இளிவால் வரும், இழவால் வரும், அசைவால் வரும், வறுமையால் வரும். இழிவுபடுத்தப்பட்டவர் அழுவதும், பறிகொடுத்தவர் அழுவதும், பழைய நிலை தாழ்ந்தவர் அழுவதும், இல்லாதவர் அழுவதும் வேறு வேறு அழுகை. ஒரே கண்ணீரை நான்கிற்கும் ஊற்றுகிறவர் இந்த நூற்பாவைப் படித்துவிட்டு வரலாம்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், நல்ல கதை.

கிரேக்க நாட்டில் போலஸ் என்று ஒரு நடிகர் இருந்தார். ஏதென்ஸ் நகரமே கொண்டாடிய ஆள். குரல் அப்படி, உடலசைவு அப்படி. அவருக்கு ஒரு மகன், உயிருக்குயிரான பிள்ளை. அந்தப் பிள்ளை இறந்துபோனான். போலஸ் மேடைப் பக்கமே வரவில்லை. துக்கம் ஓரளவு ஆறிய பிறகு திரும்பி வந்தார். வந்ததும் கிடைத்த வேடம் என்ன? சோபக்ளீஸ் எழுதிய எலெக்ட்ரா. அங்கே பெண் வேடமும் ஆண்களே போடுவார்கள். எலெக்ட்ராவின் தம்பி ஓரஸ்டஸ் இறந்துவிட்டதாகச் சொல்லி அவள் கையில் ஒரு தாழியைத் தருகிறார்கள், இதில்தான் அவன் சாம்பல் என்று. அவள் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். வேடிக்கை என்ன தெரியுமா? தாழியைக் கொண்டு வந்து நிற்பவனே அந்தத் தம்பிதான், மாறுவேடத்தில்! சபைக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கதைப்படி அது பொய்த் தாழி.

போலஸ் என்ன செய்தார்? நேரே மகனின் கல்லறைக்குப் போனார். அவன் சாம்பல் இருந்த தாழியை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார். பொய்த் தாழி இருக்க வேண்டிய இடத்தில் மெய்த் தாழி! அதைக் கட்டிக்கொண்டு அழுதார். அது நடிப்பு அல்ல, அழுகையே என்று ஆலஸ் ஜெல்லியஸ் என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் எல்லாரும் கைதட்டுவார்கள். நீங்களும் தட்டிவிட்டீர்கள், மகிழ்ச்சி. இந்தக் கதையைச் சொல்லித்தான் சில பயிற்றுநர்கள் மாணவர்களிடம் "உன் வீட்டுச் சாவை நினை, உனக்கு நடந்த கொடுமையை நினை, அழு" என்கிறார்கள். பிள்ளை அழுதுவிடும். அழுத பிள்ளையை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டு விளக்கை அணைத்துப் போவார்கள்.

ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கிரேக்க நடிகர்கள் முகமூடி போட்டு நடித்தவர்கள். போலஸின் கண்ணீர் எவர் கண்ணுக்கும் பட்டிருக்காது! திறந்தவெளி அரங்கில் கடைசிப் படிவரிசையில் இருந்தவர் வரை போய்ச் சேர்ந்தவை அவர் குரலும், தாழியை அணைத்த கையும், குனிந்த முதுகும்தான். தாழி அன்று வந்தது. குரல் பல வருடம் முன்பே வந்துவிட்டது. பழகாத குரலோடு அதே தாழியைத் தூக்கி வந்திருந்தால் முகமூடிக்குள் ஒரு விசும்பல், அவ்வளவுதான். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

இது மேலை நாட்டிலும் பெரிய சண்டையாக நடந்திருக்கிறது. சொந்த நினைவைக் கிளறி உணர்ச்சியை வரவழைக்கும் பயிற்சியை ரஷ்ய நாடக ஆசான் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி பெயரால் அமெரிக்காவில் குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழுவில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் என்ற பயிற்றுநர் வலியுறுத்தினார். அதே குழுவில் இருந்த ஸ்டெல்லா ஆட்லர் என்ற நடிகைக்கு அது ஒத்துவரவில்லை. 1934-இல் பாரிசுக்குப் போய் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் பார்த்துச் சில வாரம் பாடம் கேட்டார். கிழவரோ அதற்குள் நினைவைக் கிளறுவதைப் பின்னுக்குத் தள்ளி, கற்பனைச் சூழலுக்கும் செயலுக்கும் வந்திருந்தார். திரும்பி வந்து ஆட்லர் அதைச் சொன்னதும் குழு இரண்டுபட்டது.

சரி, இரண்டாவது செய்தி, தொழிலில் இருப்பவர்கள். வேடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க, வீட்டிலிருந்தே நடித்துக் காணொளி எடுத்து அனுப்பச் சொல்லும் காலம் இது. கேமராவைக் கண் மட்டத்தில் வையுங்கள். மார்பிலிருந்து தலைக்கு மேல் சற்று வரை தெரிய வேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துவிடும், எதிரே இருக்க வேண்டும். சுவரை விட்டு மூன்று அடி முன்னால் நில்லுங்கள், நிழல் விழாது. எதிர் வசனம் படிப்பவர் லென்ஸை ஒட்டிப் பக்கத்தில் நிற்க வேண்டும், குரலைத் தாழ்த்திப் படிக்க வேண்டும். அவர்தான் மைக்குக்கு அருகில் இருக்கிறார், கொஞ்சம் உரக்கப் படித்தால் உங்கள் வேடத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

படப்பிடிப்பில் தொடர்ச்சி. ஒரே காட்சியைத் தள்ளி நின்றும் கிட்ட வந்தும் எடுத்து ஒட்டுவார்கள். அகலக் காட்சியில் எந்தச் சொல்லில் டம்ளரைத் தூக்கினீர்கள்? நெருக்கக் காட்சியிலும் அதே சொல்லில், அதே கையால் தூக்க வேண்டும். இல்லையென்றால் தொகுப்பாளர் உங்கள் நல்ல நடிப்பை வெட்டிவிட்டு, டம்ளர் பொருந்துகிற சுமாரான நடிப்பை வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. காத்திருக்கும் நேரம் பற்றி, வராத பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்பது பற்றி, சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே நடிப்பது பற்றி எல்லாம் குறிப்பு வைத்திருக்கிறேன். நேரம் இல்லை.

ஏன் என்றால் செயலாளர் அம்மையாரிடம் பேச வேண்டும். அம்மா, ஒரு பாடகர் தினமும் சாதகம் செய்கிறார். அவருக்கு அவர் போதும். நடிகருக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும், இடம் வேண்டும், கதவை மூடிக் கத்த வேண்டும். வகுப்பு ஆறு மாதத்தில் முடிகிறது, அதற்கப்புறம்? அடுத்த வாய்ப்பு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். வாய்ப்பு வரும்போது கை மரத்திருக்கிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்றால் கைக்குத் தினமும் ஒரு சுவர் வேண்டாமா? 1947-இல் நியூயார்க்கில் எலியா கசான், செரில் கிராஃபோர்டு, ராபர்ட் லூயிஸ் என்ற நாடகத் துறையினர் மூவரும் ஆக்டர்ஸ் ஸ்டுடியோவைத் தொடங்கியது எதற்காக? தொழிலில் இருக்கும் நடிகர்கள் கூடிப் பழகுவதற்காக. பெயர் பெற்றவர்களே அங்கே வந்து சக நடிகர்கள் முன் காட்சி நடித்துத் திருத்திக்கொண்டார்கள்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். இந்த நூலகத்தின் மாடிக் கூடம், வாரத்தில் ஒரு மாலை, 2 மணி நேரம். தரையில் பதிக்காத நாற்காலி இரண்டு, ஒரு மேசை, பதினைந்துக்கு இருபது அடி வெறும் தரை, மூடினால் சத்தம் கீழே வாசகர்களுக்குக் கேட்காத கதவு. ஆசிரியர் கிடையாது, கட்டணம் கிடையாது. ஜோடிக்கு 15 நிமிடம், ஒருவர் கடிகாரம் பிடிப்பார். நடித்து முடித்ததும் பார்த்தவர்கள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்லலாம்: "மூன்றாவது வரி கேட்கவில்லை", "அவர் பேசும்போது நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்". "நானாக இருந்தால்" என்று தொடங்கும் வாக்கியத்துக்கு அனுமதி இல்லை. இப்படிப்பட்ட கூட்டங்கள் கலைவது பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்தால்தான். யாரும் படம் பிடிக்கக் கூடாது. அழ வைக்கும் காட்சியை மாலையின் கடைசியில் போடக் கூடாது, நடுவில் போட வேண்டும். நடித்தவர் ஆறிவிட்டு வீடு போகட்டும்.

மூன்றாவது செய்தி, ஆர்வம். தலைவர் எழுந்துவிட்டார், எனவே ஒன்றே ஒன்று. எனக்கு ஆர்வம் இருக்கிறதா என்று கேட்டு வரும் இளைஞரிடம், அதே காட்சியை நாலாவது வாரமும் செய்ய வருவாயா என்று கேளுங்கள். விரிவாக வேறொரு மேடையில்.

வாசலில் மேசை மேல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். பெயர், எந்த நாள் வர முடியும், கூடத்தைத் திறந்து பூட்டும் பொறுப்பை ஏற்க முடியுமா என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் குறைந்தது எட்டுப் பேர் "ஆம்" என்று எழுதினால் முறை வைத்துக்கொள்ளலாம், ஒருவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். அந்த ஏட்டைச் செயலாளர் அம்மையார் கையில் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்புவோம். பேனா நூலில் கட்டியிருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வணக்கம்.