மலை ஏறி வந்த 13 கப்பல்கள்! அஸ்டெக் தலைநகரை வீழ்த்தினது யாரு?

கடல் மட்டத்துல இருந்து 2,200 மீட்டருக்கு மேல உயரம். அந்த மலைப்பாதையில 13 கப்பல் போகுது, அதுவும் மனுஷங்க தோள் மேல!

வணக்கம் நண்பர்களே. ‘500 ஸ்பானியர்கள் மெக்சிகோவுல இருந்த அஸ்டெக் பேரரசையே சாய்ச்சாங்க’ன்னு ஒரு கதை சுத்திக்கிட்டு இருக்கு. தயவுசெஞ்சு அதை நம்பாதீங்க. ஏன்னு சொல்றேன்.

அந்த ஸ்பானியர்களோட தலைவர் எர்னான் கோர்டெஸ். ஸ்பெயின்ல மெடலின் ஊர்க்காரர். 1504-ல கரீபியன் தீவுகளுக்கு வந்து, அப்புறம் கியூபாவுல செட்டில் ஆனவர். 1519-ல கியூபா ஆளுநரோட உத்தரவையும் மீறி 11 கப்பலோட மெக்சிகோ கிளம்பிட்டார். வழியில மலின்ட்சின்னு ஒரு அடிமைப் பெண்ணை அவர்கிட்ட ஒப்படைக்கிறாங்க. அஸ்டெக் மக்களோட நவாட்ல் மொழியும் மாயா மொழியும் தெரிஞ்ச அவங்க இல்லேன்னா கோர்டெஸால நவாட்ல் பேசுறவங்ககிட்ட பேரம் பேசியிருக்கவே முடியாது.

அஸ்டெக்குகளுக்குப் பரம எதிரி த்லாஷ்கலா மக்கள். முதல்ல கோர்டெஸோட மோதினாங்க, அப்புறம் கூட்டணி வச்சாங்க. 1519 நவம்பர் 8, எல்லாரும் சேர்ந்து தலைநகர் தெனோச்தித்லானுக்குள்ள நுழையுறாங்க. மன்னர் மொக்தெசுமாவையே பிடிச்சு வைக்கிறாங்க. அடுத்த மே மாசம், திருவிழாவுல ஆடிக்கிட்டிருந்தவங்களை ஸ்பானியர்கள் வெட்டிக் கொன்னாங்க. ஊரே பொங்கி எழுந்துச்சு. ஜூன் 30 ராத்திரி ஸ்பானியர்கள் தப்பி ஓடும்போது, தங்கத்தை மூட்டை கட்டிக்கிட்டுப் போன பல பேர் ஏரியிலேயே மூழ்கிட்டாங்க.

இப்போ தான் விஷயமே இருக்கு. தெனோச்தித்லான் ஏரிக்கு நடுவுல இருந்த தீவு நகரம். உள்ள போக ஒடுக்கமான கல்பாதைகள். நடுநடுவுல பாலத்தை எடுத்துட்டா வழி கிடையாது. படகுல அஸ்டெக்குகளை அடிச்சுக்க ஆள் இல்ல. அப்போ ஏரியைப் பிடிக்கணும்!

மார்த்தின் லோபெஸ்னு ஒரு தச்சர். த்லாஷ்கலா காட்டு மரத்தை வெட்டி 13 கப்பலுக்கும் பாகங்களைச் செஞ்சார். இரும்பு, பாய், கயிறு எல்லாம் கோர்டெஸ் முன்னாடி செயலிழக்க வச்ச பழைய கப்பல்கள்ல இருந்து வந்துச்சு. பலகை இடுக்கை அடைக்கிற கீல் காய்ச்ச பைன் மரப் பிசின். அங்கேயே ஆத்துக்கு அணை கட்டி மிதக்கவிட்டுப் பார்த்துட்டு, பந்தலைக் கழட்டுற மாதிரி பலகை பலகையா கழட்டிட்டாங்க!

சுமந்தது யாரு? ஆயிரக்கணக்கான த்லாஷ்கலா ஆட்கள். பொதி சுமக்க அந்த நாட்டுல மாடு, குதிரை எதுவும் கிடையாது. எல்லாமே மனுஷ முதுகுதான். அந்த வரிசை ஏரிக்கரையில இருந்த தெஷ்கோகோ ஊருக்குள்ள நுழைஞ்சு முடிய 6 மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னு கோர்டெஸே ஸ்பெயின் ராஜாவுக்கு எழுதியிருக்கார். யோசிச்சுப் பாருங்க! அங்க ரெண்டு ஆள் ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி, 1521 ஏப்ரல் 28 அன்னிக்குக் கப்பல்களை ஏரியில இறக்குனாங்க. கால்வாய் வெட்டினதும் உள்ளூர் ஆட்கள்தான்.

இதுக்கு நடுவுல பெரியம்மை புகுந்து ஊர் ஊரா ஜனங்களைக் கொன்னுச்சு. மொக்தெசுமாவுக்கு அப்புறம் மன்னரான குயித்லாவாக்கும் அதுல போயிட்டார். முற்றுகையில சபுல்தெபெக்ல இருந்து நகருக்கு வந்த குடிநீர்க் குழாயை உடைச்சாங்க, சாப்பாடு கொண்டு வந்த படகுகளை இந்தக் கப்பல்கள் மறிச்சுது. ஆகஸ்ட் 13, கடைசி மன்னர் குவாவ்தெமோக் படகுல தப்பிக்கப் பார்த்தப்போ மடக்கிப் பிடிச்சதும் இதே 13-ல ஒண்ணுதான்.

முற்றுகையில நின்ன படையிலயும் பெரும்பான்மை உள்ளூர் மக்கள்தான். என்னைக் கேட்டா, இதை ‘ஸ்பானிய வெற்றி’ன்னு மட்டும் சொல்றது பெரிய அநியாயம். நீங்க என்ன நினைக்கிறீங்க? கமெண்ட்ல எழுதுங்க. மலின்ட்சினுக்குத் தனி வீடியோ வேணும்னா அதையும் சொல்லுங்க.