காருக்குள் மழைநீர்: வரும் வழியும் அடைக்கும் முறையும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் வரை நீளும் நமது கடற்கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வருகிறது. எஞ்சிய மாதங்களில் வெயிலிலும் உப்புக் காற்றிலும் நிற்கும் கார்களின் ரப்பர் இறுகிப்போகிறது; நீர் வெளியேற வேண்டிய துளைகளில் மணலும் சருகும் சேர்கின்றன. ஆகவே ஐப்பசியின் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும், காலடியில் கார்ப்பெட் சொதசொதவென்று நனைந்திருப்பதைப் பலர் காண்கிறார்கள். காருக்குள் தண்ணீர் எப்படி வருகிறது, அதை எப்படித் தேடிப் பிடிப்பது, எப்படி நிரந்தரமாக நிறுத்துவது என்பதையே இந்த உரையில் சொல்லவிருக்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கியாக வேண்டும். கார் என்பது ஒரு சொட்டு நீரும் புகாத பெட்டி அன்று. அதன் வெளிக்கூட்டிற்குள் மழைநீர் புகும் என்று தெரிந்தே, புகுந்த நீர் ஒழுகி வெளியேறுவதற்கான வழிகளையும் வைத்தே அதைச் செய்கிறார்கள். கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் இடைவெளியில் எப்போதும் நீர் கதவுக்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகள் அதை வெளியே விட்டுவிடும். ஆகவே உள்ளே தண்ணீர் கண்டவுடன் எங்கே ஓட்டை என்று தேடுவதைவிட, எந்த வடிகால் அடைத்திருக்கிறது என்று முதலில் தேடுவதே சரியான முறை என்பது என் உறுதியான கருத்து.

நமது பகுதியில் அந்த அடைப்பு மிகுதியாக ஏற்படும் இடம் முன்கண்ணாடியின் அடிப்பகுதி. வைப்பர் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில், பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, துளைகளிட்ட கருப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். கண்ணாடியில் வழியும் நீர் முழுவதும் அதன் வழியே கீழேயுள்ள தகரக் கால்வாயில் விழுந்து, இரு ஓரங்களிலும் உள்ள வடிகால்கள் வழியாக முன்சக்கரங்களுக்குப் பின்னால் தரையில் இறங்க வேண்டும். ஏசிக்கு வெளிக்காற்றை இழுக்கும் வாயும் பெரும்பாலான கார்களில் அதே கால்வாயில்தான் இருக்கிறது. இங்கே நிழலுக்காகக் காரை நிறுத்த நமக்குக் கிடைப்பது சீமைக் கருவேலமும் புளியும் வேம்பும்தான். வேப்பிலை அகலமானது, மூடியின் மேலேயே தங்கிவிடும், கையால் அள்ளி எறிந்துவிடலாம். கருவேலத்தின் சிற்றிலையோ அரிசியளவே இருப்பதால் துளைகளுக்குள் நழுவி இறங்கி, மணலோடும் தூசியோடும் கலந்து, மழை பட்டதும் களிமண் போல இறுகி வடிகாலை மூடிவிடுகிறது. அதன் பிறகு கால்வாயில் நீர்மட்டம் உயர்ந்து, காற்று இழுக்கும் வாயின் வழியே முன்னிருக்கையில் இடப்புறம் அமர்பவரின் காலடியில் கொட்டுகிறது.

கண்ணாடி ஒட்டியதில்தான் குறை என்று கருதி, முன்கண்ணாடியையே புதிதாக மாற்றிய பின்பும் ஒழுகல் நிற்காமல் பட்டறைக்கு வந்த கார் ஒன்று நினைவுக்கு வருகிறது. வைப்பர் கைகளைக் கழற்றி அந்த மூடியைத் தூக்கியபோது, இடப்பக்க வடிகாலில் கருவேல இலை மட்கிக் கறுத்த கட்டியாக அடைத்துக் கிடந்தது. வளைந்த கம்பியால் அதைக் கிளறி எடுத்த கணத்தில், தேங்கிய நீர் சக்கரத்தின் பின்புறமாகச் சரசரவென்று இறங்கியது. அந்தக் காருக்குத் தேவைப்பட்ட வேலை அவ்வளவுதான். மழைக்காலத்துக்கு முன்பு புரட்டாசியிலேயே இந்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டால் பாதித் தொல்லை ஒழிந்துவிடும்.

மழை பெய்யாத நாளிலும் அதே இடம் நனைந்தால் காரணம் வேறு. நமது கடற்கரையின் ஈரக் காற்றில் ஏசி ஓடும்போது நிறைய நீர் சேரும். அது காருக்கு அடியில் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏசி ஓடியும் தரையில் சொட்டு விழவில்லை என்றால், அந்த வடிகுழாய் அடைத்து நீர் உள்ளே திரும்புகிறது என்று பொருள். நனைந்த இடம் பிசுபிசுப்பாகவும் நிறத்தோடும் இனிப்பு வாடையோடும் இருந்தால் அது மழைநீரும் அன்று, ஏசி நீரும் அன்று. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகுகிறது. அதை உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது கதவு. திறக்கும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் ஓசை கேட்டால் அடித்துளைகள் அடைத்திருக்கின்றன. ஒரு சிறு குச்சியால் குத்திவிட்டாலே போதும். துளைகள் திறந்திருந்தும் கதவோரத் தரை நனைகிறது என்றால், உள்பலகையின் பின்னே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் மாற்றவோ கண்ணாடி மோட்டாரைப் பழுதுபார்க்கவோ பலகையைக் கழற்றியவர்கள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டோ, சரியாக ஒட்டாமலோ மூடியிருப்பார்கள். அதை பியூட்டைல் டேப் என்னும் ரப்பர் ஒட்டுநாடா கொண்டு சுற்றிலும் இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். கதவு ரப்பரைச் சோதிக்க, ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. நேராகப் பெய்யும் மழைக்குத் தாங்கும் ரப்பர்கூட, பாம்பன் பாலத்தின் மேல் பக்கவாட்டில் அறையும் காற்றுமழைக்குத் தாங்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

டிக்கியில் நீர் தேங்கினால் பின்விளக்குகளின் ரப்பர் வாசர், டிக்கி பீடிங் என்னும் ஓர ரப்பர், கூரையின் ஆன்டெனா அடிப்பாகம் ஆகியவற்றைப் பார்க்கலாம். சன்ரூஃப் உள்ள கார்களில் அதன் மூலைகளிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய்களையும் பார்க்க வேண்டும். அவற்றில் அழுத்தமாகக் காற்றடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடக்கூடும்.

இவை எதிலும் தெளிவு கிடைக்கவில்லை என்றால் நீர்ச்சோதனை செய்ய வேண்டும். ஓட்டு வீட்டில் ஓடு விலகிய இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறொன்று என்பதுபோல, காரிலும் நீர் தகரத்தின் மடிப்பிலும் ஒயர் கட்டுகளின் மேலும் நெடுந்தொலைவு ஊர்ந்தே கீழே விழும். ஆகவே காரை நன்றாக உலர்த்தி, கார்ப்பெட்டை விலக்கி, ஒருவர் டார்ச் விளக்கோடு உள்ளே அமர, மற்றவர் வெளியிலிருந்து நீர் ஊற்ற வேண்டும். கீழிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்ல வேண்டும். கூரையில் தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் விளங்காது. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். குடிநீரைக் குடம் குடமாக விலைகொடுத்து வாங்கும் நம் ஊர்களில் ஹோஸ் குழாயைத் திறந்துவிட்டு நிற்க முடியாது. ஒரு பூவாளியும் இரண்டு மூன்று குடம் நீரும் இதற்குப் போதும். கிணற்று உப்புநீரைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். வாட்டர் வாஷ் இயந்திரத்தின் வேகமும் இதற்கு ஆகாது. மழையில் புகாத இடத்திலும் அது நீரைப் புகுத்திவிடும்.

வழியைக் கண்டுபிடித்த பிறகு, கிடைத்த பசையை அப்பிவிடும் அவசரத்தைத் தவிர்க்க வேண்டும். புளித்த வாடை வீசும் சாதாரண சிலிக்கான் பசை, காடி அமிலத்தை வெளியிட்டுத் தகரத்தைத் துருவேற்றும். கண்ணாடி ஓரத்தில் அதைத் தடவினால் பின்னாளில் முறையான யூரித்தேன் பசை அங்கே பிடிக்காது. கண்ணாடி ஓரக் கசிவுக்குக் கண்ணாடியைக் கழற்றி, அடியிலுள்ள துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, யூரித்தேன் கொண்டு மறுபடி ஒட்டுவதே தீர்வு. தகர இணைப்புகளில் டிங்கர் பட்டறைகளில் வைத்திருக்கும் பாடி சீலன்டைப் பூசலாம்.

உலர்த்துவதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கார்ப்பெட் மேலே காய்ந்துவிடும். அதன் அடியிலுள்ள தடித்த ஸ்பான்ஜ் மாதக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். நம் பகுதியில் செருப்போடும் காற்றோடும் உள்ளே வந்த உப்பு அதில் கலந்திருப்பதால், அது காற்றின் ஈரத்தை மீண்டும் மீண்டும் இழுத்துக்கொள்கிறது. தரைத்தகடு அடியிலிருந்தே அரித்துப்போகிறது. எனவே இருக்கைகளைக் கழற்றி, கார்ப்பெட்டையும் ஸ்பான்ஜையும் வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் முழுமையாகக் காயவிட வேண்டும். இருக்கையின் கீழே மஞ்சள் நிற இணைப்பு கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குக்கு உரியது. பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சற்று நேரம் விட்ட பிறகு, விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டே அதைப் பிரிக்க வேண்டும். ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் அதற்குரிய ஸ்பிரே அடித்துத் துடைக்க வேண்டும்.

எல்லாம் காய்ந்த பிறகும் கார்ப்பெட்டை உடனே விரித்துவிடாதீர்கள். வெறும் தகரத் தரையில் பழைய செய்தித்தாளைப் பரப்பிவிட்டு, ஒரு நல்ல மழைக்குக் காத்திருங்கள். மறுநாள் தாள் எங்கும் நனையாமல் இருந்தால் விரிக்கலாம். எங்கேனும் ஒரு மூலை நனைந்திருந்தால் அந்த மூலையிலிருந்து மேல்நோக்கித் தேடலை மறுபடி தொடங்க வேண்டும். வணக்கம்.