நடிக்கத் தெரியாத ஒன்பது குரல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கார்ட்டூன் தொடரில் ஒரு பிரபலம் குரல் கொடுக்க வருகிறார் என்றால் பெரும்பாலும் என்ன நடக்கும்? கதவு தட்டப்படும். திறந்தால் அவர் நிற்பார். வீட்டில் இருப்பவர்கள் அவர் பெயரைச் சொல்லி வாயைப் பிளப்பார்கள். இரண்டு ஜோக் அடித்துவிட்டு அவர் போய்விடுவார். கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்புகிற ஆள் மாதிரி. கதைக்கு அவரால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

அப்படி இல்லாத ஓர் அத்தியாயத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அமெரிக்காவின் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில், 1992 பிப்ரவரி 20 அன்று ஒளிபரப்பான 'ஹோமர் அட் த பேட்'. எழுதியவர் ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர். அதில் குரல் கொடுத்தவர்கள் அன்றைய பேஸ்பால் உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் ஒன்பது பேர். ஒருவருக்கும் நடிப்பு வராது.

கதை இதுதான். அணுமின் நிலையத் தொழிலாளர்களின் சாஃப்ட்பால் (பேஸ்பாலின் தம்பி மாதிரியான ஆட்டம்) அணி, அங்கே வேலை பார்க்கும் தொடரின் நாயகன் ஹோமர் தானே செதுக்கிய மட்டையின் புண்ணியத்தில் ஜெயித்துக்கொண்டே வருகிறது. முதலாளி பர்ன்ஸ் இறுதி ஆட்டத்தின் மேல் பத்து லட்சம் டாலர் பந்தயம் கட்டிவிடுகிறார். ஜெயித்தே ஆகவேண்டும் என்று தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கூலிக்குப் பிடித்துவரச் சொல்கிறார். கிழவர் முதலில் கொடுக்கும் பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் எப்போதோ செத்துப்போனவர்கள்! அப்புறம்தான் உயிரோடு இருக்கும் ஒன்பது பேரைத் தேடிப் போகிறார் உதவியாளர்.

இந்த ஒன்பது பேரும் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒன்றாக நின்றதே இல்லை. நம்மூர் டப்பிங்கில் படம் முதலில் தயாராக இருக்கும், உதட்டசைவைப் பார்த்துக் குரல் கொடுப்போம். கார்ட்டூனில் குரல்தான் முதலில். அதைக் கேட்டுத்தான் வரைவார்கள். அதனால் 1991 பேஸ்பால் பருவம் முழுக்கக் காத்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் எந்த அணி ஆட வந்தாலும், அதிலிருந்து வேண்டிய ஆளை மட்டும் கூட்டி வந்து நாலு வரி பேசவைத்து அனுப்பினார்கள். திரையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் குரல்கள் மாதக் கணக்கில் சேர்த்துத் தைத்தவை.

நடிக்கத் தெரியாதவரிடம் உணர்ச்சியை எதிர்பார்க்கக் கூடாது என்பது ஸ்வார்ட்ஸ்வெல்டருக்குத் தெரிந்திருந்தது. வசனத்தைச் சுருக்கமாக வைத்தார். கூத்தையெல்லாம் அவர்களுக்கு நேரும் விபத்துகளில் வைத்தார். ஆட்டத்துக்கு முன்னால் எட்டுப் பேர் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். ரோஜர் கிளெமன்ஸ் மனோவசியத்தில் சிக்கிக் கோழியாகக் கொக்கரிக்கிறார். வேட் பாக்ஸுக்கு மதுக்கடையில் அடி விழுகிறது. காரணம், இங்கிலாந்தின் தலைசிறந்த பிரதமர் யார் என்ற சண்டை! ஸ்டீவ் சாக்ஸைப் போலீஸ் பிடித்து, நியூயார்க்கில் துப்புத் துலங்காத கொலைகளையெல்லாம் அவர் தலையில் கட்டுகிறது. டான் மாட்டிங்லியிடம் "கிருதாவை எடு" என்று கத்துகிறார் பர்ன்ஸ். மனிதர் காதுக்கு மேல் மண்டையை மழித்துக்கொண்டு வந்து நிற்கிறார். அப்போதும் "கிருதா" என்றே கத்தி விரட்டுகிறார் பர்ன்ஸ். இந்த வசனம் பதிவான பிறகு, 1991 ஆகஸ்டில், முடி வெட்ட மறுத்ததற்காக மாட்டிங்லியை அவருடைய நிஜ அணியான யாங்கீஸே ஆட்டத்திலிருந்து உட்காரவைத்தது. ஒளிபரப்பில் பார்த்தவர்கள் அந்தச் செய்தியை வைத்துத்தான் எழுதினார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்குப் பிடித்தது மைக் சோஷியா. மற்றவர்களெல்லாம் பணத்துக்கு வந்தவர்கள். இவருக்கு ஆலை வேலையே பிடித்துப்போகிறது. ஆசை ஆசையாக வேலை செய்து, கதிர்வீச்சில் படுத்துவிடுகிறார். ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல் நோயாளிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. தேர்ந்த நடிகர் முனகியிருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

கென் கிரிஃபி ஜூனியர் கொஞ்சம் சிரமப்பட்டார். பர்ன்ஸ் கொடுக்கும் நரம்பு டானிக்கைக் குடித்துவிட்டு, 'என் வாய்க்குள்ளே விருந்து நடக்கிறது, எல்லோருக்கும் அழைப்பு உண்டு' என்கிற மாதிரி ஒரு வரி சொல்லவேண்டும். வரியின் அர்த்தம் பிடிபடாமல் எரிச்சலாகிவிட்டார். டானிக் முற்றி அவர் தலை பூசணி அளவுக்கு வீங்குகிறது. ஹோசே கான்செகோவுக்கு முதலில் எழுதியது பள்ளி ஆசிரியையோடு ஒரு சரசக் காட்சி. அவர் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் எரியும் வீட்டிலிருந்து குழந்தையையும் வீட்டுச் சாமான்களையும் தூக்கி வரும் மாவீரராக்கிவிட்டார்கள். ஊக்கமருந்து போட்டதாகப் பின்னாளில் தானே ஒப்புக்கொண்டவர் கான்செகோ. அவர் கதாநாயகன், அந்தப் புகாரில் சிக்காத கிரிஃபிக்கு டானிக்! 1991இல் யாருக்குத் தெரியும்?

மிஞ்சுவது டாரில் ஸ்ட்ராபெரி. ஹோமரின் இடத்தில் ஆடுகிறவர். "நீ என்னைவிட நன்றாக ஆடுவாயா?" என்கிறார் ஹோமர். "உங்களை நான் பார்த்ததே இல்லை… ஆனால், ஆமாம்" என்கிறார் ஸ்ட்ராபெரி. திமிர் இல்லை, தயக்கமும் இல்லை. தகவல் சொல்வதுபோல் சொல்கிறார். பிள்ளைகள் பார்வையாளர் பக்கமிருந்து "டாரில், டாரில்" என்று ராகம் போட்டுக் கேலி செய்யும்போது மட்டும், அசையாத முகத்தில் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்குகிறது. அதற்கு வசனமே கிடையாது.

அன்று ஒன்பது ஹோம் ரன் (நம்மூர் சிக்ஸர் மாதிரி) அடித்தவரைக் கடைசி நேரத்தில் பர்ன்ஸ் வெளியே அழைத்து ஹோமரை இறக்குகிறார். எதிரணிப் பந்துவீச்சாளர் இடக்கை, ஸ்ட்ராபெரியும் இடக்கை. அதனால் வலக்கை ஆள்தான் வேண்டுமாம். பந்து நேராக ஹோமர் தலையில் படுகிறது. பேஸ்பால் விதிப்படி, பந்து பட்டவர் முதல் தளத்துக்குப் போகலாம். மற்ற தளங்களிலெல்லாம் ஏற்கெனவே சக ஆட்டக்காரர்கள் நின்றதால், ஆளுக்கொரு தளம் நகர்ந்து ஒரு ரன் தானாக வருகிறது, ஆட்டம் முடிகிறது. ஹோமருக்கு நினைவே இல்லை.

அன்றிரவு அதே நேரத்தில் ஓடிய பிரபல நகைச்சுவைத் தொடர் 'காஸ்பி ஷோ'வின் புதிய அத்தியாயத்தை, பார்வையாளர் கணக்கில் சிம்ப்சன்ஸ் முதல்முறையாக முந்தியது. இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, 2017 மே மாதம், கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் புகழ் மன்றம் விழா எடுத்து ஹோமர் சிம்ப்சனைக் கௌரவித்தது. அந்த ஒன்பது பேரில் வேட் பாக்ஸும் ஆஸி ஸ்மித்தும் நேரில் வந்து கலந்துகொண்டார்கள். கார்ட்டூனில் ஆடவே முடியாமல் போன இரண்டு பேர், மயக்கத்தில் ஜெயித்தவருக்குக் கை தட்டினார்கள்.

நன்றி, வணக்கம்.